கைதட்டாத கூட்டம்

அத்தியாயம் 6

ஒருவனை லாக்கப்பிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டுமானால் முதலில் அவனுக்கு வெளியே வர ஆசை இருக்க வேண்டும். இவனுக்கு இல்லை.

"என் தப்புதான் மேடம். எழுதிக்கோங்க" என்றான் கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த குழாய்க்காரன்.

"எழுதுறதுக்கு இங்க ஏற்கெனவே ஆள் இருக்காங்க தம்பி. நாங்க அழிக்க வந்தவங்க" என்றார் பாயின்ட்.

பாயின்ட் என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. எதற்கெடுத்தாலும் "ஒரு பாயின்ட்" என்று குறுக்கே விழுகிறவரை ஊர் வேறு என்னவென்று கூப்பிடும்? பஸ் கண்டக்டராக இருந்தவர். சில்லறை கேட்ட ஒரு பெரிய மனிதரிடம், சில்லறைத்தனமே போதுமே ஐயா, தனியாக வேறு வேண்டுமா என்று கேட்டு வேலையைத் தொலைத்தவர். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது துப்பறியும் உதவியாளராகக் காலம் தள்ளுகிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்கும் புண்ணியவதி பக்கத்தில் நின்றார். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தத்தில் துப்பறிகிறவர். மூக்கில் சோடாபாட்டில் கண்ணாடி. முன்னால் எல்லோரும் "மேடம்". முதுகுக்குப் பின்னால் "பூதக்கண்ணாடி". அவருக்கும் அது தெரியும், கண்டுகொள்வதில்லை. கண்டுபிடிக்க வேறு வேலை இருக்கிறது.

குழாய்க்காரனின் அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். கையில் இரண்டு டிபன் கேரியர்.

"ஒண்ணு ஆஸ்பத்திரிக்கு, ஒண்ணு லாக்கப்புக்கு. அங்க படுத்திருக்கிறது என் வீட்டுக்காரர். இங்க உக்காந்திருக்கிறது என் தம்பி. அவரைக் கொல்லப் பார்த்ததே இவன்தான்னு இன்ஸ்பெக்டர் சொல்றாரு. இதை நம்பினா நான் யாருக்குச் சோறு ஊட்டுறது மேடம்?"

நாலு மணிக்குக் கோர்ட். அதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு. நடக்காவிட்டால் தம்பி உள்ளே. சுவரிலிருந்த கடிகாரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

விஷயம் இதுதான். படகுகளின் அடிவயிற்றில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டால் படகு ஆமையாகிவிடும். கீழே இறங்கி அதைச் சுரண்டுவதுதான் இந்தக் குடும்பத்தின் தொழில். முதுகில் சிலிண்டர் என்ற ஆடம்பரமெல்லாம் கிடையாது. மேலே ஒரு பெட்ரோல் மிஷின் காற்றை அடிக்கும். அது நீளமான மஞ்சள் குழாய் வழியாகக் கீழே இருப்பவர் வாய்க்குப் போகும். கீழே இறங்குகிறவர் அக்கா புருஷன். தண்ணீரை விட்டு வெளியே வரவே மாட்டார் என்பதால் அவருக்கு வாத்து என்று பெயர். மேலே சின்னப் படகில் உட்கார்ந்து குழாயைக் கையில் பிடித்திருப்பவன் இந்தத் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், படகுக் கிளப்பின் ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கும்போதே, கிளப் செயலாளரின் பாய்மரப் படகுக்கு அடியில் வாத்து மயங்கிப் போனார். தம்பி குதித்து இழுத்துப் போட்டான். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. குழாயில் ஒரு மடிப்பு இருந்தது. தம்பி மடித்துப் பிடித்துக் காற்றை நிறுத்திவிட்டான் என்று செயலாளர் புகார் எழுதினார். இன்ஸ்பெக்டருக்கு எழுதும் வேலை மிச்சம்.

"முந்தின நாள் சண்டையாமே?" என்றார் பூதக்கண்ணாடி. "நீ என் கையாலதான் சாகப் போற மாமான்னு கத்தினியாமே?"

"கத்தினேன் மேடம். மிஷினை எப்பவும் என் படகுலதான் வெச்சுக்குவோம். தன் படகுல எண்ணெய் தெறிக்கும், கரையில படகு கட்டுற கட்டைப் பாலத்துக்குப் பின்னாடி வையுங்கன்னு செயலாளர் சொன்னாரு. மாமா சரின்னுட்டாரு. என் கண்ணுக்குத் தெரியாத மிஷினுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அந்தக் கோவத்துல கத்தினேன்."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிஷின் காத்து இழுக்கிறதுக்கு ஆள் உயரத்துல ஒரு குச்சிக் குழாய் இருக்கும். அதைக் கடல் பக்கம் நிறுத்துவோம். புகை போறது கரைப் பக்கம். ரெண்டும் கலந்தா கீழ இருக்கிறவர் புகையைத்தான் குடிக்கணும். நான் உக்காந்திருந்தது பெரிய படகோட மறைவுல. அங்க முகத்துல காத்தே படாது. காதுதான் மேடம் எனக்குக் கொடி. மிஷின் சத்தம் பெருசாக் கேட்டா காத்து கரையிலருந்து வருது, ஆபத்து. சத்தம் எட்டப் போனா காத்து கடல்லருந்து கரைக்குப் போகுது, புகையும் எட்டப் போகுது, நல்ல சேதி."

"அன்னைக்கு?"

"நடுத்தரமா, ஒரே சீரா டபடபன்னு கேட்டுது, காத்து குறுக்கால அடிக்குதுன்னு நினைச்சேன். திடீர்னு எட்டப் போச்சு. நானும் நிம்மதியாயிட்டேன். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா குழாயை ஒரு இழுப்பு இழுப்பேன், மாமா ஒரு இழுப்பு பதிலுக்கு இழுப்பாரு. அன்னைக்கு அஞ்சு நிமிஷம் விட்டுட்டேன். அப்புறம் இழுத்தேன்." கம்பியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினான். "பதில் இல்ல. நிம்மதியா இருந்தேன் பாருங்க, அதுதான் மேடம் தப்பு."

வெளியே வந்ததும் பாயின்ட் கேட்டார்: "ஒரு பாயின்ட் மேடம். அந்த மடிப்பு?"

"உங்க வீட்டுத் தோட்டத்துக் குழாய்ல மடிப்பு இருக்கா?"

"தோட்டமே இல்லையே."

"மூணு ஆள் ஆழம். குழாயை மடிச்சா காத்து நிக்கும். காத்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"துப்பிட்டு மேல வந்து, மடிச்சவனை உதைப்பேன்."

"வாத்தும் அதைத்தான் பண்ணியிருப்பார். மூக்கைப் பொத்தினா கைக்குழந்தைகூடத் திமிறும். அவர் திமிறல, தூங்கிட்டார். காத்து நிக்கல பாயின்ட், கெட்டுப்போச்சு. சத்தம் எட்டப் போன அந்த நிமிஷத்துலருந்து கெட்டுச்சு. போய் அந்தக் காத்தைப் பார்ப்போம்."

"ரெண்டு நாளைக்கு முன்னாடி அடிச்ச காத்தையா? அது இந்நேரம் எந்த ஊர்ல இருக்கோ."

*

படகுக் கிளப்பின் செயலாளரை அக்கம்பக்கத்தில் வெள்ளை ஷூ என்பார்கள். மழையிலும் சேற்றிலும் வெள்ளை ஷூதான். துடைக்க ஆள் உண்டு. கிளப்பின் வரவேற்பறைக்குள் நுழைந்தவுடன் பாயின்டுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இது படகுக் கிளப்பா, இல்லை வெள்ளை ஷூவின் கல்யாண ஆல்பமா? நாலு சுவரிலும் அவரேதான். நடுநாயகமாக, புத்தம் புதிதாகச் சட்டம் போட்ட ஒரு பெரிய படம். மேடையில் நிற்கிறார், வலது கையை நீட்டி உள்ளங்கையால் காற்றைக் கீழே அமுக்குகிறார். அடியில் தங்க எழுத்து: ‘ஆரவாரத்தை அமைதிப்படுத்தும் செயலாளர்’.

"ஞாயித்துக்கிழமை எடுத்தது" என்றார் வெள்ளை ஷூ, கேட்காமலே. "கைதட்டல் அடங்கவே இல்ல. நான்தான் போதும் போதும்னு கையமர்த்த வேண்டியதாப் போச்சு."

ஒரு மனிதன் ஆஸ்பத்திரியில் கிடக்க, இரண்டே நாளில் படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. காரியத்தில் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டார் பாயின்ட்.

மூலையில் இருந்த டிவியில் அதே விழாவின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. ஒல்லியான சர்வர் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டிவிப் பக்கம் திரும்பாமலே நின்றார்.

"இதை முதல்லருந்து போட முடியுமா?" என்றார் பூதக்கண்ணாடி.

வெள்ளை ஷூவின் முகம் மலர்ந்தது. முதலிலிருந்து போடச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் இவர்தான் போலும்.

கேட் வாசலிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளம். அதன்மேல் வெள்ளை ஷூக்கள் அன்னநடை நடந்து வந்து மேடை ஏறின. பேச்சு ஆரம்பமாயிற்று. தலைப்பு: ‘கடலின் மௌனம்’. மௌனத்துக்குப் பின்னால் டபடபடபவென்று காற்று மிஷின் அலறிக்கொண்டிருந்தது.

"பேச்சுக்குப் பக்கவாத்தியம் பிரமாதம் சார்" என்றார் பாயின்ட்.

"அந்தச் சனியன். ஞாயித்துக்கிழமை பார்த்துதான் அவங்களுக்கு வேலை."

"யார் படகுக்குங்க?"

வெள்ளை ஷூ இருமினார். "சாயங்காலம் எனக்குப் பந்தயம் இருந்தது."

பூதக்கண்ணாடி டிவிக்கு மூக்கு முட்டும் அளவுக்குப் போய் நின்றார். பேச்சை மூன்று முறை பார்த்தார். அந்தப் பேச்சை மூன்று முறை கேட்பதென்பது துப்பறியும் தொழிலின் ஆபத்துகளில் ஒன்று. மூன்றாவது முறை முடிந்ததும் பாயின்டின் காதருகே குனிந்தார்.

"சத்தம் எங்க குறையுது?"

"நடுவுல மேடம். டபடப போய் தொம்தொம். அஜீரணக்காரன் வயிறு மாதிரி."

"மேடைக்குப் பின்னாடி கிளப் கொடி இருக்கு பாருங்க. சத்தம் குறையறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பறக்குது?"

"இடது பக்கம்."

"அப்புறம்?"

பாயின்ட் பார்த்தார். சத்தம் குறைகிறது. கொடி இடது பக்கமே பறக்கிறது. நூல் பிசகவில்லை.

"காத்து திரும்பவே இல்ல" என்றார் மெதுவாக. அவருக்கே ஆச்சரியம், ஜோக் எதுவும் வரவில்லை. "அவன் காதை யாரோ ஏமாத்தியிருக்காங்க."

"மிஷினை எதையோ போட்டு மூடியிருக்காங்க. இப்ப கடைசிக் காட்சியைப் பாருங்க. கீழ இறங்குறார். எது மேல நடக்கிறார்?"

வெறும் பலகை. சிவப்புக் கம்பளம் காணோம்.

பூதக்கண்ணாடி திரும்பி, மிகச் சாதாரணமாகக் கேட்டார்: "இந்தக் கம்பளம் அழகா இருக்கே. எங்க இப்போ?"

"லாண்டரிக்குப் போட்டிருக்கு" என்று சர்வர் வாய்விட்டார். வெள்ளை ஷூ பார்த்த பார்வையில் அவர் பாதி உயரமாகிவிட்டார்.

"ஜூஸ் கொட்டிடுச்சு" என்றார் வெள்ளை ஷூ. "விழான்னா கொட்டாதா?"

*

லாண்டரிக்காரர் உலகத்தில் ஒருவரையும் நம்புவதில்லை. கிழிந்ததைக் கொடுத்துவிட்டு நீதான் கிழித்தாய் என்று சண்டைக்கு வருகிறவர்களோடு இருபத்தைந்து வருடம் மல்லுக்கட்டியவர். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார். எதை வாங்கினாலும் முதலில் விரித்துப் போட்டு, இருக்கிற ஓட்டை, கறை, கிழிசலையெல்லாம் சீட்டில் எழுதி, கொண்டுவந்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்.

"கிளப் கம்பளமா? நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். அதை வெளுக்க முடியாதும்மா, எரிக்கத்தான் லாயக்கு."

"ஜூஸ் கறை அவ்வளவு மோசமா?"

"ஜூஸா?" சீட்டைப் புரட்டினார். "ஞாயிறு மதியம் ரெண்டு மணி. சிவப்புக் கம்பளம் ஒண்ணு. கறை எதுவும் இல்லை. நடுவுல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக் கருகல். பெட்ரோல் வாடை, புகை வாடை. நாங்கள் பொறுப்பல்ல. கீழ சர்வர் கையெழுத்து. நீங்களே மோந்து பாருங்களேன்."

விரித்துக் காட்டினார். பாயின்ட் குனிந்து முகர்ந்தார். முகர்ந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"மேடம், இதை முகர்ந்ததுக்கே எனக்குத் தலை சுத்துது. அந்த மனுஷன் இதைக் குழாய் போட்டுக் குடிச்சிருக்கார்."

பூதக்கண்ணாடி லாண்டரிக் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

*

இன்ஸ்பெக்டர் வந்தார், சீட்டைப் படித்தார், கருகலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். முடிந்துபோன வேலையைத் திரும்பத் திறப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். வரவேற்பறையில் எல்லோரும் நின்றார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், துடைக்கும் பெண் எல்லோரும் கதவிடுக்கில் காது வைத்திருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாமாக இருந்தாலும் வைத்திருப்போம்.

வெள்ளை ஷூ அசரவில்லை.

"கம்பளத்தைப் போட்டு மூடினானா? அடப்பாவி!" என்று சர்வரைப் பார்த்துக் கத்தினார். "நான் மேடையில பேசிக்கிட்டிருந்தேன் இன்ஸ்பெக்டர். ஐம்பது பேர் சாட்சி. பின்னால இவன் என்ன பண்ணினான்னு எனக்கு எப்படித் தெரியும்? கருகினதைப் பார்த்துப் பயந்துபோய் இவனேதான் லாண்டரிக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்."

"முன்னாடி ஜூஸ்னீங்களே சார்?" என்றார் பாயின்ட்.

"அப்படித்தான் என்கிட்ட இவன் சொன்னான்."

சர்வர் வாயைத் திறந்தார். வெள்ளை ஷூ ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் முகத்தில் நிம்மதி பரவியது. பெயரை மட்டும் மாற்றினால் போதும், மற்ற காகிதமெல்லாம் அப்படியே உதவும்.

"அப்போ குழாய்க்காரனை விட்டுட்டு இவனைத் தூக்குவோம்" என்றார்.

பாயின்டுக்கு இது ரசிக்கவில்லை. காலையிலிருந்து அலைந்து என்ன சாதித்தோம்? ஒரு ஏழையை வெளியே எடுத்து, அந்த இடத்தில் இன்னொரு ஏழையை உட்கார வைத்தோம். இந்தச் சர்வர் வீட்டிலும் ஒருத்தி நாளைக்கு டிபன் கேரியரைத் தூக்குவாள். அவர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். அம்மையாரோ சுவரிலிருந்த புதுப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அருமையான படம் சார். இது எந்த இடத்துல எடுத்தது?"

"பேச்சு நடுவுல. சொன்னேனே, கைதட்டல் அடங்கவே..."

"அந்தக் கைதட்டலை ஒருதடவை கேப்போமே. பாயின்ட், சத்தத்தை முழுசா வையுங்க."

டிவியில் வெள்ளை ஷூ முழங்கினார்: "மௌனமே கடலின் மொழி!" நிறுத்தினார். டபடபடப என்றது மிஷின். யாரோ ஒருவர் தொண்டையைச் செருமினார். தூரத்தில் ஒரு பறவை கத்தியது. முன்வரிசையில் ஒரு கிழவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேடையில் வெள்ளை ஷூ கையை நீட்டினார், உள்ளங்கையால் காற்றைக் கீழே அமுக்கினார்.

பூதக்கண்ணாடி அங்கேயே நிறுத்தச் சொன்னார்.

"கைதட்டல் எங்க?"

இன்ஸ்பெக்டர் டிவிக்குக் கிட்டே போய்க் காதைக் கொடுத்தார்.

"ஒரு பாயின்ட் இன்ஸ்பெக்டர்" என்றார் பாயின்ட். வாய் தானாகக் காதுவரை விரிந்தது. "ஈ, கொசு அடிக்கக்கூட அங்க ஒருத்தரும் கையைத் தட்டல. கைதட்டாத கூட்டத்தை எவன் சார் கையமர்த்துவான்?"

"மேல ஓட விடுங்க" என்றார் பூதக்கண்ணாடி. "நீட்டின கை யாரைப் பார்த்து நீண்டிருக்குன்னு பாருங்க. கூட்டம் எதிர்ல. கை போறது பக்கத்துல, கட்டைப் பாலத்துப் பக்கம். இப்ப எண்ணுங்க."

பாயின்ட் எண்ணினார். பதினெட்டு வருவதற்குள் டபடப அடங்கித் தொம்தொம் ஆயிற்று. டிவி வெள்ளை ஷூ திருப்தியாகத் தலையசைத்துவிட்டு மௌனத்தைப் பற்றி மேலே பேசத் தொடங்கினார்.

"உங்க கையெழுத்து சீட்டுல இல்ல சார்" என்றார் பூதக்கண்ணாடி. "அதைச் சட்டம் போட்டு நீங்களே சுவத்துல மாட்டி வெச்சிருக்கீங்க."

அப்போதுதான் சர்வருக்குக் குரல் வந்தது. வந்தபின் நிற்கவில்லை.

"காலையிலயே சொன்னாருங்க. நான் கையை இப்படி அமுத்தினா அந்தச் சத்தம் அடங்கணும், எப்படின்னு என்னைக் கேக்காதே, அடங்கலேன்னா நாளையிலருந்து வராதேன்னாரு. மிஷினை நிறுத்தினா கீழ ஆள் செத்துருவாருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நிறுத்தாம மூடினேங்க. நல்லது பண்றதா நினைச்சேங்க! குச்சிக் குழாய் ஒண்ணு குறுக்க நின்னுச்சு, அதைச் சாய்ச்சு உள்ள வெச்சு மூடினேன். தண்ணிப் பக்கம் கூச்சல் கேட்டதும் இவரே ஓடிவந்து, கம்பளத்தை எடு, குச்சியை நிமுத்து, லாண்டரிக்கு ஓடு, வாயைத் திறந்தா நீதான் உள்ள போவேன்னாரு. அப்புறம் உக்காந்து புகார் எழுதினாரு."

"என்ன ஆதாரம்? ஒரு சர்வர் பேச்சு!" என்றார் வெள்ளை ஷூ. ஆனால் கண் படத்தின் பக்கமே போய்ப் போய் வந்தது. ஆணியிலிருந்து கழற்றிவிட முடியுமா என்று கணக்குப் போட்டிருப்பார்.

இன்ஸ்பெக்டருக்கு வேறு வழியில்லை. பொய்ப் புகார் எழுதினது இவர், அதை நம்பினது தன் ஸ்டேஷன். இவரைத் தூக்காவிட்டால் ஊர் தன்னைத் தூக்கும். குழாய்க்காரனை விடச் சொல்லி ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மணி மூன்று ஐம்பது.

பூதக்கண்ணாடி கையை நீட்டி அந்தப் போனை வாங்கிக்கொண்டார். "அக்காகிட்ட குடுங்க... நான்தாம்மா. உங்க தம்பிகிட்ட ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. அன்னைக்குக் காத்து திரும்பல. அவன் காது பொய் சொல்லல, அவன்கிட்டதான் பொய் சொல்லிட்டாங்க. இதை அப்படியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் அக்கா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். பிறகு ஓர் ஆண்பிள்ளை ஓவென்று அழும் சத்தம், கூடவே ஒரு டிபன் கேரியர் கீழே விழும் சத்தம். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"மேடம், மத்தியானம் அவர் கையைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்கல. ஆனா ஒரு இழுப்பு திருப்பி இழுத்தாரு. டாக்டர் அதெல்லாம் ஒண்ணுமில்ல, நரம்பு துடிக்கிறதுங்கிறாரு."

"டாக்டருக்குக் குழாய் வேலை தெரியாது. உங்க தம்பியைக் கூட்டிட்டுப் போய் இழுக்கச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் வெள்ளை ஷூவின் வலது கையைப் பிடித்தார். அதே கைதான். வரவேற்பறையைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, ஈரப் பலகைகளின்மேல் கூட்டிக்கொண்டு போனார். அலை சேற்றை வாரி இறைத்த பலகைகள். வெள்ளை ஷூ இரண்டும் சேறாயின. துடைக்கும் பெண் கதவோரமே நின்றாள், துணியை எடுக்கவில்லை.

முதலில் தட்டியது சமையல்காரர். ஒரே ஒரு தட்டு, கையில் ஒட்டிய மாவை உதறுவதுபோல. பிறகு தோட்டக்காரர். பிறகு துடைக்கும் பெண். கடைசியாகச் சர்வர். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கட்டைப் பாலம் அப்படியொரு கைதட்டலைக் கேட்டிருக்காது.

"சார், இப்போ அமர்த்துங்க பார்ப்போம்!" என்று கத்தினார் பாயின்ட்.

பழக்கதோஷம். வெள்ளை ஷூவின் கை ஒரு சாண் எழும்பியது. இன்ஸ்பெக்டர் அதைக் கீழே அமுக்கினார்.